வள்ளலும் இல்லை, மொய் நோட்டும் இல்லை: கிறிஸ்தவப் பகிர்வு பற்றி ஓர் எளிய அறிமுகம்

சங்கப் பாடல்கள் தகடூர் என்று அழைக்கும் ஊர்தான் இன்றைய தருமபுரி. இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவருக்குக் கொடை என்றதும் முதலில் நினைவுக்கு வருபவன் அதியமான் நெடுமான் அஞ்சி. உண்டவருக்கு நீண்ட வாழ்நாள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். பள்ளிப் பருவத்திலேயே அந்தச் சித்திரம் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிடுவதால், தாராளம் என்றாலே உயரத்தில் நிற்கும் ஒருவர் கீழே நிற்கும் பலருக்கு அள்ளி வழங்குவது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். (அதியமான் ஔவைக்குக் கொடுத்தது அப்படிப்பட்டதன்று, அது நண்பருக்குள் நடந்த கொடை என்று வாதிடலாம், நான் மறுக்க மாட்டேன்.) கிறிஸ்தவ மரபு பேசும் பகிர்வைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் முதலில் இந்த வள்ளல் சித்திரத்தைச் சற்று ஓரமாக வைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு சித்திரமும் நமக்குப் பழக்கமானதே. கல்யாண மண்டபத்து வாசலில் மேசை போட்டு, மஞ்சள் தடவிய நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் எழுதிக்கொள்ளும் மொய் வழக்கம் அது. அதில் உயர்வு தாழ்வு கிடையாது. இன்று எனக்கு ஐந்நூறு எழுதியவர் வீட்டில் நாளை விசேஷம் வந்தால் நானும் ஐந்நூறுக்குக் குறையாமல் எழுதியாக வேண்டும். எத்தனையோ குடும்பங்களை வட்டிக்காரர் வாசலுக்குப் போகவிடாமல் காத்த நல்ல ஏற்பாடுதான் என்றாலும், அங்கே கணக்கு உண்டு. திருப்பி எழுத வழியில்லாதவர் நாளடைவில் அழைப்பிதழ் வாங்கவே கூசத் தொடங்குகிறார். லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் இயேசு விருந்து பற்றிப் பேசும்போது ஏறத்தாழ இந்த நோட்டைத்தான் மூடி வைக்கச் சொல்கிறார். பதிலுக்கு அழைக்கக்கூடிய உறவினரையும் வசதியுள்ள அண்டை வீட்டாரையும் அழைப்பதைவிட, கைம்மாறு செய்ய எதுவும் இல்லாத ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைப்பதே பேறு என்பது அவர் சொன்னது.

வள்ளலின் உயரமும் மொய்யின் கணக்கும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் வரும் சொல் ‘கொய்னோனியா’. பொது என்று பொருள்படும் ‘கொய்னோஸ்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் இதற்கு ஒரே சொல் நிலைக்கவில்லை. புராட்டஸ்டண்ட் சபைகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ஓரிடத்தில் ‘அந்நியோந்நியம்’ என்றும் இன்னோரிடத்தில் ‘ஐக்கியம்’ என்றும் வருகிறது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் ‘நட்புறவு’ என்று காண்கிறோம். மூன்றுமே நல்ல சொற்கள்தாம், ஆனால் மூன்றையும் கேட்கும்போது நமக்குத் தோன்றுவது மனம் ஒத்திருத்தல் மட்டுமே. பணமும் தானியமும் உழைப்பும் அந்தச் சொல்லுக்குள் இருப்பது தமிழில் மறைந்துவிடுகிறது. கிரேக்கத்தில் அப்படி மறையவில்லை. கெனேசரேத்து ஏரியில் மீன் பிடித்த யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் ‘கூட்டாளிகள்’ என்று லூக்கா எழுதும்போது பயன்படுத்துவது இதே வேரிலிருந்து வந்த சொல். படகைச் சேர்ந்து இழுத்து, கிடைத்த மீனைப் பங்கு போட்டு, மீன் படாத நாளின் நட்டத்தையும் சேர்ந்து தாங்கும் உறவு அது. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய நிதியையும், தொடக்கக் காலச் சபைகளுக்கு மடல்கள் எழுதிய பவுல் இதே சொல்லால் குறிக்கிறார். அப்பமும் திராட்சை இரசமும் பகிரும் திருவிருந்தில் பங்குகொள்வதையும் இதே சொல்லால் குறிக்கிறார். அவருடைய எண்ணத்தில் காணிக்கைத் தட்டும் அப்பத் தட்டும் ஒரே மேசையில் இருந்தன.

தொடக்கக் காலத்து எருசலேம் சபையைப் பற்றி அப்போஸ்தலருடைய நடபடிகள், அதாவது கத்தோலிக்கர் திருத்தூதர் பணிகள் என்று அழைக்கும் நூல், தரும் விவரங்களே இந்த வழக்கத்தின் ஊற்றுக்கண். நம்பிக்கை கொண்டோர் யாவரும் உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்தார்கள், நிலபுலன்களை விற்று அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்தார்கள் என்று அதன் 2-ஆம், 4-ஆம் அதிகாரங்கள் கூறுகின்றன. இதைப் படித்துவிட்டு, சொந்தச் சொத்தே கூடாது என்பது கிறிஸ்தவச் சட்டம் என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. அந்த நூலே அப்படிச் சொல்லவில்லை. நிலத்தை விற்று அதில் ஒரு பகுதியை ஒளித்து வைத்துக்கொண்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்ட அனனியாவிடம், விற்கும் முன் அது உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் அந்தப் பணம் உன் கையில்தானே இருந்தது என்று இயேசுவின் முதன்மைச் சீடரான பேதுரு கேட்கிறார். குறைவாகக் கொடுத்தது குற்றமாகவில்லை. பொய் சொன்னதுதான் குற்றமாயிற்று. மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாவுக்கு எருசலேமில் சொந்த வீடு இருந்தது. அந்த வீட்டில்தான் பலர் கூடி மன்றாடினார்கள். ஆக, வீடு அவருடையது, கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த ஏற்பாடு குறையே இல்லாமல் நடந்ததா என்றால், இல்லை. அதே நூலின் 6-ஆம் அதிகாரத்திலேயே முணுமுணுப்பு எழுகிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற புகார் வருகிறது. வெளியூரிலிருந்து வந்தவர்களை உள்ளூர்க்காரர்கள் மறந்துபோவது நமக்குப் புதிய செய்தியன்று. இயேசுவின் நேரடிச் சீடர்களான திருத்தூதர்கள் அந்தப் புகாரை அடக்காமல், பந்தி விசாரணைக்கென்றே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் செய்கிறார்கள். அந்த ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்களாக இருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. புறக்கணிக்கப்பட்டவர்களின் மொழி பேசுகிறவர்களிடமே அகப்பை ஒப்படைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. நல்ல மனம் இருந்தால் மட்டும் பகிர்வு நடந்துவிடாது, அதற்கு ஆளும் முறையும் கணக்கும் வேண்டும் என்பதை அந்தச் சபை இப்படித்தான் கற்றுக்கொண்டது.

இதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. கிலவுதியு பேரரசன் காலத்தில் பஞ்சம் வந்தபோது, கொடுத்துப் பழகிய எருசலேம் சபை வாங்கும் நிலைக்கு வந்தது. சிரியாவிலிருந்த அந்தியோக்கியாச் சீடர்கள் அவரவர் சக்திக்கு ஏற்ப உதவி திரட்டி யூதேயாவுக்கு அனுப்பினார்கள். அதைச் சுமந்து சென்ற இருவரில் ஒருவர், முன்பு தம் நிலத்தை விற்று அதே எருசலேமில் பணத்தைக் கொண்டுவந்து வைத்த பர்னபா. பவுல் பின்னர் கொரிந்தியருக்கு எழுதும்போது இதையே விளக்குகிறார்: இன்று உங்கள் மிகுதி அவர்களுடைய குறைவை நிரப்பட்டும், வேறொரு நாள் அவர்களுடைய மிகுதி உங்கள் குறைவை நிரப்பும், இப்படிச் சமநிலை உண்டாகும் என்பது அவர் வாதம். கொடுப்பவர், வாங்குபவர் என்று நிரந்தரமாக இரண்டு சாதிகள் அங்கே கிடையா.

எருசலேமுக்கான அந்த நிதியைத் திரட்டப் பவுல் சொன்ன வழி எளிமையானது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் வரவுக்குத் தக்கபடி சிறிதளவைத் தனியே எடுத்து வையுங்கள், நான் வந்த பிறகு அவசரமாக வசூல் செய்யும் நிலை வேண்டாம் என்கிறார். நம் பக்கத்துப் பெண்களுக்கு இந்த முறையை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. 1989-ஆம் ஆண்டில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள் இருந்தது. அது அரசுத் திட்டம், அதற்கும் கிறிஸ்தவத்துக்கும் தொடர்பு இல்லை. ஆயினும், சிறு தொகை தவறாமல் சேர்ந்தால் பெருந்தொகை தரும் ஒருவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை ஒரு குழு நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் எவரும் அறிவார்.

இரண்டாம் நூற்றாண்டுக்கு வந்தால், ஏறத்தாழ கி.பி. 155-இல் உரோமையில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் புனித ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டின் முடிவில் வசதியுள்ளவர்கள் விரும்பியதைத் தருவார்கள், அது வழிபாட்டை நடத்துகிறவரிடம் வைக்கப்படும், அதிலிருந்து அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையிலிருப்போர், வெளியூரிலிருந்து வந்து தங்கியோர் ஆகியோருக்கு உதவி செல்லும் என்று விவரிக்கிறார். கி.பி. 361 முதல் 363 வரை ஆண்ட ஜூலியன் பேரரசன் கிறிஸ்தவத்தை வெறுத்தவன். அவன் தன் சமயக் குருக்களில் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்களே என்று எரிச்சலோடு குறிப்பிட்டிருக்கிறான். நண்பர்கள் எழுதிய புகழுரையைவிட இந்த எரிச்சல்தான் எனக்கு வலிமையான சான்றாகப் படுகிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1997-ஆம் ஆண்டில் சேலத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட தருமபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள கத்தோலிக்க நிர்வாகப் பகுதி) தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கியது. கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஓர் ஆலயத்தைச் சார்ந்த வட்டாரங்களில், பக்கத்துப் பக்கத்து வீடுகள் சில சேர்ந்து ‘அன்பியம்’ என்ற சிறு குழுவாக இயங்குகின்றன. முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி, இறைவார்த்தை வாசித்து, செபித்து முடித்ததும், எவர்சில்வர் தம்ளரில் தேநீர் வரும்போதுதான் உண்மையான தகவல்கள் வெளிவரும். யாருக்குச் சர்க்கரை கூடிவிட்டது, யார் மகன் ஓசூரில் வேலை இழந்து திரும்பியிருக்கிறான், எந்த வீட்டில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டப்படவில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவருகிறது. பங்குத்தந்தைக்கு எழுதும் மனுவில் இவை எதுவும் இடம்பெறுவதில்லை. தேவை என்னவென்று தெரியாமல் செய்யும் உதவி பெரும்பாலும் வேட்டி சேலை விநியோகமாக முடிந்துவிடுவதால், அந்தத் தேநீர் நேரத்தை நான் செபத்துக்கு இணையாகவே மதிக்கிறேன்.

புராட்டஸ்டண்ட் சபைகளில் இதற்கு இணையாகப் பல வழக்கங்கள் உண்டு. சம்பளத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் தசமபாகம் எல்லாருக்கும் தெரிந்தது. அதைவிட எனக்கு நெருக்கமானது பிடியரிசி. சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனி டப்பாவில் போட்டு வைத்து, அதைச் சபைக்குக் கொண்டுவருவார்கள். மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவர்களிடையே 1910 முதல் இது பெரிய இயக்கமாகவே வளர்ந்து நிற்கிறது. இதன் நுட்பம் என்னவென்றால், கூலி வேலைக்குப் போகும் வீட்டிலும் சோறு பொங்கும் நாளில் ஒரு பிடி எடுக்க முடியும். இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணே மற்ற எல்லாரையும்விட மிகுதியாகப் போட்டவள் என்று இயேசு சொன்னது இந்த டப்பாவின் அருகில் நிற்கும்போது எளிதாக விளங்குகிறது.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ராயக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய சபையில் நான் கண்டது இது. ஆலயத்தின் முன்புறம் கேழ்வரகு, அவரைக்காய், கொள்ளு, தக்காளிப் பெட்டிகள், தேங்காய், ஒரு சேவல், முட்டைகள், வீட்டில் பிழிந்த முறுக்கு என்று விளைந்ததும் செய்ததுமாக வந்து குவிந்திருந்தன. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி தம் கொல்லையில் காய்த்த பூசணிக்காய் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து வைத்தார். ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. ஐம்பது ரூபாய்க்குத் தொடங்கிய பூசணிக்காய் ஒரு தரம், இரண்டு தரம் என்று ஏறி, எழுநூறு ரூபாய்க்குப் பால் வியாபாரி ஒருவர் கைக்குப் போயிற்று. பணத்தைக் கட்டிய அவர், காயை எடுத்துச் செல்லாமல் மீண்டும் மேசைமேல் வைத்து, இன்னொரு தரம் விடுங்கள் என்றார். இரண்டாம் முறை அது நானூறுக்குப் போனது. அதை எடுத்த ஆசிரியை ஒருவரும் திருப்பி வைத்துவிட்டார். மூன்றாம் முறை, பெங்களூரில் கட்டட வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருந்த இளைஞன் ஒருவன் முந்நூற்றைம்பதுக்கு எடுத்து, நேராகப் பின்புறத்துச் சமையலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். மதியம் பந்தியில் பரிமாறிய சாம்பாரில் அந்தப் பூசணிக்காய் மிதந்தது. கொண்டுவந்த பாட்டியும் வாங்கிய மூவரும் ஏலத்தில் வாயே திறக்காத நாங்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டோம். பாட்டியின் கையில் ஐம்பது ரூபாய்கூட இருந்திருக்காது, ஆனால் அந்தக் காய் மட்டும் சபைக்கு ஆயிரத்து நானூற்றைம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தது. கொய்னோனியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு இதைவிட நெருக்கமான விளக்கம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. ஏலத்தில் யார் கூடுதலாகக் கேட்டார் என்று மீசையை முறுக்கிக்கொள்வதும் அங்கே நடக்கத்தான் செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். இது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வழக்கம், கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்ல முடியாது. அன்பியங்களும் சபைகளும் இதில் சேர்த்தது ஒரு தாள் மட்டுமே: அடக்கம் முடிந்த பிறகும் ஒரு வாரத்துக்குக் காலை யார், இரவு யார் என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். முதல் நாளில் பத்து வீட்டுச் சோறு வந்து குவிந்து, நான்காம் நாளில் ஒரு வீட்டிலிருந்தும் வராமல் போகும் நிலையை அந்தத் தாள் தடுக்கிறது. எருசலேமின் ஏழு பேர் செய்ததும் இதுவாகவே இருக்கும்.

இந்த வழக்கம் கெட்டுப்போகும் இடங்களையும் தொடக்கநிலை வாசகர் அறிந்திருப்பது நல்லது. கொரிந்து நகரத்துச் சபையில் வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து உண்டு குடித்துவிட, வேலை முடிந்து வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் அவர்களுக்குக் கடுமையாக எழுதினார். தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் இதன் மறுபதிப்பு சாதியின் பெயரால் நடந்திருக்கிறது. ஒரே ஆலயத்தில் தனித்தனி இருக்கைகளும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் குறுக்குச் சுவரும் இருந்திருக்கின்றன. உண்டியலில் ஒன்றாகச் சேரும் பணம், பந்தியிலும் புதைகுழியிலும் பிரிந்துபோனால் அதை ஐக்கியம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கேடு, கொடுத்தால் நூறு மடங்காகத் திரும்பி வரும் என்று ஆசை காட்டும் பிரசங்கம். கணக்கை மூடச் சொன்னவரின் பெயராலேயே மொய் நோட்டைத் திறந்து வைத்து, கடவுளையே திருப்பிச் செய்ய வேண்டியவராக எழுதிக்கொள்ளும் வேலை அது. கடன் வாங்கிக் காணிக்கை போட்டுவிட்டு அற்புதத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். பவுல் வைத்த அளவுகோல் வேறு: அவரவர் மனத்தில் தீர்மானித்தபடி, வருத்தமோ கட்டாயமோ இன்றி, இருப்பதற்குத் தக்கவாறு கொடுத்தால் போதும்.

பெயர் போட்டுக்கொள்வதைச் சிறு குற்றமாகவே வைத்துக்கொள்வோம். வலக்கை கொடுப்பதை இடக்கை அறிய வேண்டாம் என்று இயேசு சொல்லியிருக்க, நம் ஆலயங்களின் மின்விசிறி இறக்கைகளில்கூட ‘உபயம்’ என்று பெயர் எழுதியிருக்கிறது. விசிறி ஓடும்போது அந்தப் பெயர் தெரிவதில்லை. மின்சாரம் போனால்தான் படிக்க முடிகிறது. ஆனால், அரிசிப் பை வாங்குகிற தாயைக் கேமரா பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்வது சிறு குற்றமன்று. நிதி அனுப்பியவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். பட்டியலும் ரசீதும் அதற்குப் போதும்.

உதவி பெறுகிறவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். எல்லாருக்கும் நன்மை செய்யுங்கள், நம்பிக்கைக் குடும்பத்தாருக்குச் சிறப்பாகச் செய்யுங்கள் என்று கலாத்தியருக்கு எழுதிய மடலில் இருக்கிறது. வீட்டுக்காரரைப் பட்டினி போட்டுவிட்டு வெளியே விருந்து வைக்காதே என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. சமயம் மாறினால்தான் அரிசி என்பது பேரம். பேரத்துக்கும் பகிர்வுக்கும் உறவு கிடையாது. பழைய ஏற்பாட்டின் லேவியர் நூலில், அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அதை ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்று சட்டம் இருக்கிறது. அந்நியர் என்ற சொல் அங்கேயே எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். நிலக்கடலை பிடுங்கி முடிந்த கொல்லையில், விட்டுப்போன காய்களைப் பொறுக்க வரும் பெண்களையும் பிள்ளைகளையும் விரட்டாத விவசாயிகள் நம் பக்கத்தில் உண்டு. அவர்கள் லேவியர் நூலைப் படித்ததில்லை.

இவை எல்லாவற்றிலும் கடினமானது வாங்கக் கற்றுக்கொள்வது என்பது என் எண்ணம். கொடுக்கும்போது நாம் அறியாமலே வள்ளலாகிவிடுகிறோம்; வாங்கும்போது கூசுகிறோம், அல்லது உடனே திருப்பிக் கொடுத்து நோட்டை நேர் செய்யத் துடிக்கிறோம். எங்கள் அன்பியத்தில் தனியாக வாழும் ஓர் அம்மாவுக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் போகிறது. ஒரு முறை அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் முறை எனக்கு வந்தது. அவர் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, வாசலில் நின்ற முருங்கை மரத்திலிருந்து ஒரு கொப்பை ஒடித்து என் கையில் கொடுத்தார். எனக்கு வேண்டாம் அம்மா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மறுத்தேன். அவர் முகம் சுருங்கிற்று. “அப்படின்னா அரிசியையும் எடுத்துக்கிட்டுப் போ சாமி” என்றார். கொப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிரவு எங்கள் வீட்டில் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும்.